வண்டிக்குள் புகுந்த பாம்பு: செலவு யார் கணக்கில்?

ஐப்பசி மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரவு மணி பத்து. ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். பைக் ஸ்டாண்டில் ஒருவர் சாவியைப் போடப் போகிறார். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே ஏதோ வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வால் மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான், கூச்சல்! ஓசூர் அல்லவா, கூச்சலும் நாலு மொழியில்தான் வரும். தமிழர் "பாம்பு" என்பார், தெலுங்கர் "பாமு" என்பார், கன்னடர் "ஹாவு" என்பார், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன் "சாம்ப்" என்பான். நாலு மொழியிலும் பயம் ஒன்றுதான்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கம்பைத் தேடுவார். ஒருவர் பெட்ரோல் ஊற்றச் சொல்வார். ஒருவர் சுடுதண்ணீர் என்பார். "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க, சூட்டுல தானா வெளியே வந்துடும்" என்று ஒருவர் யோசனை சொல்வார். பத்துப் பேர் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். வண்டிக்காரர் மட்டும் ஓரமாக நிற்பார். பாகலூரோ தளியோ, வீட்டுக்கு எப்படிப் போவது? நாளைக்கு ஷிப்டுக்கு எதில் வருவது? வண்டியைப் பிரித்துப் போட்டால் மாட்டுகிற கூலியை யார் தருவது?

இது ஒரு நாள் கூத்து இல்லை. தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, "ஸ்கூட்டருக்குள் புகுந்த பாம்பு, தீயணைப்பு வீரர்கள் போராடி மீட்பு" என்ற தலைப்பு மனப்பாடமே ஆகியிருக்கும். மழைக்காலம் வந்தால் ஏதாவது ஓர் ஊரிலிருந்து இந்தச் செய்தி வந்துவிடும். சீட்டைக் கழற்றினார்கள், முன்பக்கத் தகட்டைக் கழற்றினார்கள், ஒரு மணி நேரம் போராடினார்கள், பாம்பைப் பிடித்தார்கள், காட்டில் விட்டார்கள். செய்தி அத்தோடு முடிந்துவிடும். ஆனால் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பாம்பு ஏன் அந்த வண்டிக்குள் வந்தது? அதனால் ஆன செலவை யார் ஏற்றுக்கொண்டார்கள்?

பாம்புக்கு ஸ்கூட்டரில் என்ன வேலை?

"இன்ஜின் சூட்டுக்காக வருகிறது" என்பதுதான் வழக்கமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. வெளியிலிருந்துதான் சூடு வாங்க வேண்டும். ஆனால் நிறுத்திய வண்டியின் இன்ஜின் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்? இரண்டு மணிக்கு நிறுத்திய வண்டி மாலைக்குள் ஆறிவிடும். பத்து மணிக்கும் உள்ளே பாம்பு இருக்கிறதென்றால் சூடு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பாம்புக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, உடம்பு நாலு பக்கமும் ஒட்டுகிற மாதிரி ஓர் இருட்டுச் சந்து. இரண்டு, சாப்பாடு. ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் உடம்புக்குள் இருக்கிற சந்துகள் பாறை இடுக்குக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. இன்ஜினே இல்லாத மின்சார ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும். சாப்பாடு? அதை நாம்தான் போடுகிறோம். டிபன் பாக்ஸில் மிச்சமான சோற்றை ஸ்டாண்ட் சுவரோரமாகக் கொட்டுகிறோம். கேண்டீன் கழிவுத் தொட்டி பார்க்கிங்கை ஒட்டியே இருக்கிறது. அதைத் தின்ன எலி வருகிறது. எலியைத் தின்னப் பாம்பு வருகிறது. வெள்ளை விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வருகின்றன, அவற்றுக்குச் சின்னப் பாம்புகள் வருகின்றன. எலிக்கு வண்டி ஏற்கெனவே பழக்கமான இடம். வயரைக் கடித்து வைத்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போகாத வண்டிக்காரர் உண்டா?

ஆக, வண்டிக்குள் பாம்பு வழி தவறி வரவில்லை. அங்கே எல்லா வசதியும் இருக்கிறது என்று தெரிந்துதான் வந்திருக்கிறது.

ஊர் அப்படிப்பட்ட ஊர்

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் பிறந்த ஊர் ஓசூர். அதே வருடங்களில்தான் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், பின்னால் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர்களும் ஓசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு மூலையான போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன. நாட்டுக்கே இருசக்கர வண்டி செய்து அனுப்புகிற மாவட்டம் என்று சொன்னால் தப்பில்லை.

இதே மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் என்று நீளும் காடு. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்துகொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. ராகி விளையும் பருவத்தில் அங்கிருந்து யானைக்கூட்டம் இறங்கி, ஓசூர் – ராயக்கோட்டை சாலையை ஒட்டிய சானமாவு காடு வரைக்கும் வந்து தங்குவது ஒவ்வொரு வருடமும் நடப்பது. யானை வந்தால் வனத்துறை வருகிறது, தண்டோரா போடுகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. பாம்பு வந்தால் யாரும் வருவதில்லை, ஏனென்றால் அது எப்போதும் இங்கேயேதான் இருக்கிறது! கரட்டு நிலம், பாறைக் குவியல், ராகிக் கொல்லை, மாந்தோப்பு. இவற்றைச் சமப்படுத்தித்தான் மனை போட்டோம், ஷெட் போட்டோம். காம்பவுண்டு சுவர் எழுப்பினோம். அந்தச் சுவர் திருடனுக்குத் தெரியும், பாம்புக்குத் தெரியாது.

வண்டிக்குள் புகுந்த பிராணி அங்கேயே இருந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோட்டயம் பக்கத்து ஆர்ப்பூக்கரையைச் சேர்ந்த ஒருவருடைய கார், வேலை விஷயமாக மலப்புறம் மாவட்டம் வழிக்கடவுக்குப் போய்வந்தது. காட்டோரத்து ஊர் அது. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, ஆர்ப்பூக்கரையில் அவர் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி 10 அடி நீள ராஜநாகம் ஒன்று பிடிபட்டது. ராஜநாகம் இயல்பாக வாழும் இடமே இல்லை அது. 200 கிலோமீட்டருக்கு மேல் காரோடு வந்திருக்கிறது! அதை நினைத்துக்கொண்டு ஓசூரைப் பாருங்கள். அஞ்செட்டிக் காட்டோரம் இரவு நின்ற வேன் காலையில் பெங்களூரில் நிற்கிறது. தினம் தினம் எத்தனை வண்டிகள்!

என்ன செய்யக் கூடாது

முதலில் உயிர் விஷயம். பெட்ரோல், மண்ணெண்ணெய், சுடுதண்ணீர் எதுவும் ஊற்றக் கூடாது. பாம்புக்குச் செய்கிற கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பெட்ரோல் ஊற்றிய வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பது என்ன புத்திசாலித்தனம்? இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெல்ட்டிலும் விசிறியிலும் சிக்கி அடிபட்ட பாம்பு இன்னும் உள்ளே போகும், இன்னும் கோபமாக இருக்கும். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடக் கூடாது. வால் தெரிகிறதே என்று பிடித்து இழுக்கக் கூடாது.

"சின்னப் பாம்புதான், விஷமில்லை" என்று சொல்கிற ஆளை நம்பக் கூடாது. கட்டுவிரியனும், விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையனும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பட்டப்பகலிலேயே தடுமாறுவார்கள், செல்போன் டார்ச்சில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அடித்துக் கொல்லவும் கூடாது. 1972-ம் வருடத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விட்டுத் தள்ளினாலும், பாம்பை அடிக்கப் போகிற ஆள் அது எட்டுகிற தூரத்துக்குள் போயாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

என்ன செய்யலாம்

ஓட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் பதறி வண்டியைக் கீழே போடாதீர்கள். பாம்பு கடிப்பதற்கு முன்னால் பின்னால் வருகிற லாரி உங்களை முடித்துவிடும். ஓரம் கட்டி, நிறுத்தி, இறங்கி, பத்தடி தள்ளிப் போங்கள். நிறுத்திய வண்டி என்றால் கூட்டத்தை விலக்குங்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் தள்ளி நின்று, அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும். 101-க்கோ 112-க்கோ, வனத்துறைக்கோ சொல்லுங்கள். ஆள் வரும்வரை தொந்தரவு செய்யாமல் விட்டால், பல சமயம் பாம்பு தானாகவே இறங்கிப் போய்விடும்.

ஒருவேளை கடித்துவிட்டால்? கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட இடத்தைக் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. சினிமாவில் காட்டுவது எல்லாமே தப்பு. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், 108-ஐ அழைத்து நேராகப் பாம்புக்கடிக்கான மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில் முக்கியமான பங்கு நம் தமிழ்நாட்டு இருளர்களுக்கு. மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கிற அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம், பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பை இத்தனை நெருங்கித் தெரிந்த அவர்களே அதைப் பிடிப்பதை வித்தையாகக் காட்டுவதில்லை. வீடியோவுக்காக வாலைப் பிடித்துச் சுற்றுகிற நம்மூர் ஹீரோக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

மேலே சொன்னதெல்லாம் ஏதாவது ஒரு விழிப்புணர்வு நோட்டீஸில் இருக்கும். ஆனால் நோட்டீஸ் படித்த ஆளே கம்பைக் கையில் எடுக்கிறார். ஏன்? அறியாமை மட்டும் காரணமில்லை, அவசரமும் ஒரு காரணம்.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வீட்டிலிருந்து கிளம்புகிற ஒப்பந்தத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் பாம்பு. தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருந்தால் ஒரு மணி நேரம், பிரித்து எடுக்க ஒரு மணி நேரம். பல இடங்களில் தாமதமாகப் பஞ்ச் செய்தால் அரை நாள் கூலி போச்சு. ஒரு பேச்சுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்றால் 300 ரூபாய். கழற்றியதை மாட்ட மெக்கானிக்குக் கூலி 400 ரூபாய் என்று வையுங்கள். ஆக 700 ரூபாய், ஒரு நாள் சம்பளத்துக்கும் மேலே. கம்பெடுத்து இரண்டு அடி போட்டால் ஐந்து நிமிடம், செலவு பூஜ்யம். இந்த நிலைமையில் அந்த ஆளிடம் போய் "பாம்பும் ஓர் உயிர்தானே" என்று உபதேசம் செய்தால் அவர் நம்மைத்தான் முறைப்பார். அவர் முறைப்பது நியாயமும்கூட.

பி.காம். படிக்கிறவர்கள் காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதைப் பார்த்திருப்பார்கள். தரத்துக்கு ஆகும் செலவில் தடுப்புச் செலவு என்று ஒன்று, தோல்விச் செலவு என்று ஒன்று. சரக்கு கெட்டுப்போகாமல் முன்னாலேயே செய்வது தடுப்புச் செலவு. கெட்டுப்போன பிறகு அழுவது தோல்விச் செலவு. முன்னது சின்னது, பின்னது பெரியது என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்குகிறோம். அதை பைக் ஸ்டாண்டுக்குப் போட்டுப் பாருங்கள். எலி வராமல் கழிவுத் தொட்டிக்கு மூடி போடுவது, அதை ஸ்டாண்டிலிருந்து தள்ளி வைப்பது, சுவரோரப் புதரையும் கல் குவியலையும் அகற்றுவது, தரையில் இருக்கிற வளையை அடைப்பது, வடிகாலுக்கு வலை போடுவது, ஸ்டாண்டைச் சுற்றி நாலடிக்கு வெறும் தரையாக வைத்துக்கொள்வது. 500 வண்டி நிற்கிற ஸ்டாண்டில் இதற்கு மாதம் 10,000 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வண்டிக்கு 20 ரூபாய். இரண்டு டீ காசு!

ஆனால் செய்வதில்லை. ஏன் தெரியுமா? தடுப்புச் செலவு நிர்வாகத்தின் பேரேட்டில் ஏறும். தோல்விச் செலவு தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து போகும். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்திருந்தால் எப்போதோ சரி செய்திருப்பார்கள். வேறு வேறு புத்தகத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. பாம்பு நுழைகிற உண்மையான சந்து இதுதான்.

"அது அரசாங்கத்தின் வேலை" என்பவர்களுக்கு

காட்டு விலங்கு என்றால் வனத்துறையின் பொறுப்பு, நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்கலாம். பாம்பைப் பிடிப்பது வனத்துறையின் வேலையாக இருக்கலாம். பாம்பு வருகிற மாதிரி இடத்தை வைத்திருப்பது வனத்துறையின் குற்றமா? கேரளம் 2020-ல் பாம்பு பிடிப்பவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, பக்கத்தில் இருக்கிற ஆளைச் செல்போனிலேயே கூப்பிட 'சர்ப்பா' என்று ஒரு செயலியும் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் எலி வளையைச் செயலியால் அடைக்க முடியாது.

"ஒரு பாம்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றும் கேட்கலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். மத்திய அரசு 2024-ல் இதற்கென்று தேசிய செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே வருடம் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. வண்டிக்குள் இருந்த பாம்பு கடித்தது இதில் மிகச் சின்னப் பங்காகத்தான் இருக்கும், சரி. ஆனால் இருட்டில் வயல் வரப்பில் கடிப்பதைத் தடுப்பது கஷ்டம். சிமெண்டுத் தரை போட்டு, விளக்குப் போட்டு, காவலாளியும் வைத்திருக்கிற ஸ்டாண்டில் தடுப்பது கஷ்டமே இல்லை. சுலபமானதையே செய்யாதவர்கள் கஷ்டமானதை எப்படிச் செய்வார்கள்?

உலகத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சரக்கோடு சரக்காகப் பழுப்பு மரப்பாம்பு அங்கே வந்து இறங்கியது. சில பத்து வருடங்களில் அந்தத் தீவுக்கே உரிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அது இல்லாமல் செய்துவிட்டது. இன்றைக்கு அங்கேயிருந்து வெளியே போகிற சரக்கை மோப்ப நாய்களை விட்டுச் சோதிக்கிறார்கள். கவனியுங்கள், ஒவ்வொரு பயணியிடமும் "உன் பெட்டியை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு விடவில்லை. இடத்தை நடத்துகிறவர்களே பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஓசூருக்கு மோப்ப நாயெல்லாம் வேண்டாம். ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி போதும்.

கேட்பது நாலே நாலு

ஒன்று, ஸ்டாண்டையும் அதைச் சுற்றியும் சுத்தமாக வைப்பதைக் கட்டிடப் பராமரிப்புக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். இரண்டு, கேட்டில் இருக்கிற காவலாளிக்குத் தீயணைப்பு நிலையம், வனச்சரக அலுவலகம், பாம்புக்கடி மருந்து இருக்கிற பக்கத்து மருத்துவமனை, மூன்றின் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று, அறிவிப்புப் பலகை தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு மொழியிலும் இருக்க வேண்டும், கூச்சல் நாலு மொழியிலும் வருகிறதே! நாலாவதுதான் முக்கியம். வண்டிக்குள் பாம்பு என்று ஒரு தொழிலாளி சொன்னால் அன்றைக்கு அவருடைய தாமதத்துக்குக் கூலி வெட்டக் கூடாது. பொய் சொல்வார்களே என்றால் செல்போன் படம் கேளுங்கள், எப்படியும் பத்துப் பேர் எடுத்துக்கொண்டுதானே இருப்பார்கள்!

இந்த நாலாவது மட்டும் நடந்தால் கம்பு கீழே போய்விடும். அந்த ஆளுக்குக் காத்திருக்க நேரம் கிடைக்கும். காத்திருந்தால் பாம்பும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டு வாசலில் வண்டியைப் புதரையும் விறகுக் குவியலையும் ஒட்டி நிறுத்தாதீர்கள். சீட்டுக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டை மறந்து வைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஓட்டாத வண்டியை எடுக்கும் முன்னால் சுற்றி ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் உதறிவிட்டுப் போடுங்கள். இதெல்லாம் அரை நிமிட வேலை.

ஓசூரில் இன்னும் ஸ்டாண்டுகள் கட்டத்தான் போகிறார்கள். இன்னும் கரட்டு நிலங்கள் சமமாகத்தான் போகின்றன. மழை விட்ட ஏதோ ஓர் இரவு பத்து மணிக்கு இன்னொருவர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வருவார், உள்ளே ஒரு வால் நகரும். அப்போது அவர் கையில் இருப்பது கம்பா, செல்போனா என்பதை அன்றைக்கு அவர் முடிவு செய்வதில்லை. அந்த ஸ்டாண்டை நடத்துகிறவர்கள் இன்றைக்கே முடிவு செய்துவிடுகிறார்கள்.